கொம்பு முதலில்

பழைய கீபோர்டைப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டுவது பிரமாத வித்தை இல்லை, சார். சொருகும் பின் பொருந்தாது, பொருந்தினாலும் ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. நடுவில் தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டு ஒன்றை வைத்தால், இவன் சொல்வதை அவனுக்கு மாற்றிச் சொல்லும். என் கடையில் அதுதான் பிழைப்பு.

அண்ணன் மாதப் பத்திரிகை ஆசிரியர். வீட்டிலும் ஆசிரியர்தான். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் "உவர்ப்பு போதாமை" என்பார். என் மனைவி இறந்தபோது அறிவிப்புக்கு "அவள் போய்விட்டாள்" என்று எழுதிக் கொடுத்தேன். அதை அடித்துவிட்டு "மீளாத் துயில் கொண்டாள்" என்று போட்டார்.

"உனக்கு எழுத வராதுடா, விடு" என்றார். விட்டேன்.

பிறகு அவருக்குப் பக்கவாதம். பேச்சு போயிற்று, முகம் மரத்தது, கழுத்து திரும்பவில்லை. விரல்கள் மட்டும் தப்பின. அவற்றுக்கும் ஆபீசின் பழைய கீபோர்டு ஒன்றுதான் பழக்கம்.

"நீங்கதான் ஏதாவது பண்ணணும், தம்பி" என்றார் அண்ணி.

கீபோர்டை அண்ணன் தொடைமேல் வைத்தேன். திரையை, வருகிறவர்கள் படிக்கட்டும் என்று தலைமாட்டில் வைத்தேன். அவர் பார்க்க மின்விசிறி இருந்தது.

ஒரே சிக்கல். அந்தக் கீபோர்டில் "கெ" அடிக்கக் கொம்பு முதலில், க அப்புறம். கம்ப்யூட்டருக்கோ க முதலில் வேண்டும். அதனால் கொம்பு வந்ததும் போர்டு பிடித்துவைத்து, க வந்தபின் முறை மாற்றி அனுப்ப வேண்டும். கொம்பைப் பிடித்துவைக்கத் தெரிந்த போர்டுக்கு ஒரு வாக்கியத்தைப் பிடித்துவைக்க என்ன கஷ்டம்? "வலி" என்ற சொல்லோ, அதற்கு அவர் போடக்கூடிய மாற்றுச் சொல்லோ வந்தால் அந்த வாக்கியத்தை நிறுத்திவிட்டு, "நலமாக இருக்கிறேன்" என்று அனுப்பச் சொன்னேன். எடிட்டிங், அவ்வளவுதான்.

டாக்டர் வருவார். "வயிறு எப்படி இருக்கு, ஐயா? வலி ஏதும் உண்டா?"

அண்ணன் படபடவென்று அடிப்பார். டாக்டர் திரையைப் படித்து, தோளைத் தட்டிவிட்டுப் போவார். அண்ணன் அடித்துக்கொண்டே இருப்பார்.

"இந்த நிலைமையிலயும் என்ன உற்சாகம் பாருங்க" என்று பார்க்க வந்த வாசகர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் அண்ணனுக்குச் சந்தேகம் வந்தது. என்மேல் அல்ல. "கீபோர்டு கெட்டுவிட்டது. தம்பியைக் கூப்பிடு. அவன் சரிசெய்வான்" என்று அடித்தார். அதில் வலி இல்லை. அப்படியே திரைக்கு வந்தது. அண்ணி போன் செய்தார். போனேன். ஒயரை அசைத்துப் பார்த்தேன். அண்ணன் கண் என் கையை விட்டு நகரவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, அண்ணி" என்றேன்.

மறுநாள் அண்ணன் போய்விட்டார். வயிற்றுக்குள் குடல் வெடித்து நாளாகியிருந்ததாம். அறிவிப்பை நான்தான் எழுதினேன். திருத்த ஆள் இல்லை.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் போர்டைப் பிரித்துப் பார்ப்பவரிடம் ஒன்று சொல்லுங்கள். கடைசிவரை அண்ணன் எழுத்தில் ஒரு கொம்புகூட இடம் மாறியதில்லை. அந்த விஷயத்தில் அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை, சார்.