கிராணி சொன்ன பொய்

தேர் ஊர்வலம் பற்றி ஈப்போவில் நடந்த கூட்டம் முடிந்து செமோருக்கு ரயிலேறினேன். எதிரே அதே கூட்டத்திலிருந்து திரும்பும் ஒரு தோட்டத்துக் கங்காணியும், துரை வீட்டுச் சமையல்காரரும். நான் ஜன்னலைப் பார்த்தபடி காதை மட்டும் கொடுத்திருந்தேன்.

"நம்ம தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி கூசாம பொய் சொல்லிட்டாரு மச்சான்," என்றார் சமையல்காரர்.

"என்ன பொய்?"

"பள்ளிவாசல் தெருவுல நம்ம தேர் போறதைப் பொறுத்துக்கிறோம்னுதான் துரை இங்கிலீஷ்ல பேசுனாரு. கிராணி அதைத் தமிழ்ல, 'உங்க தேர் வர்றது எங்களுக்குச் சந்தோஷம்'னுட்டாரு."

"அட, நான் கை தட்டுனேனே!"

"பெங்குலுவும் தட்டுனாரு லா. அந்த மலாய்க்காரத் தலைவருக்குத் தமிழ் நல்லா வரும். உடனே எழுந்து மலாய்ல என்ன சொன்னாரு?"

"தொழுகை நேரத்துல மேளத்தை மட்டும் நிறுத்துங்க, பள்ளிவாசல் முன்னாடி நாங்களே தண்ணிப் பானை வைக்கிறோம்னாரு."

"துரைக்கு மலாய் புரியும். எல்லார் முன்னாடியும் தலையாட்டுனாரு."

கங்காணி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அப்ப கிராணி சொன்னது பொய்யில்ல மச்சான். கொஞ்சம் முந்திச் சொல்லிட்டாரு, அவ்வளவுதான்."