எட்டு மணிக்கு யாரும் கூப்பிடமாட்டாங்க

இல்ல தம்பி, நாளைக்கெல்லாம் வேணாம். மணி ஏழு தானே ஆகுது? எட்டுக்குள்ள டிவில படம் வந்துடணும். ஆன்டெனாவப் பாக்க ஏணி வேணும்னா கீழ்வீட்டு ரிங்கல்மான்கிட்ட வாங்கித் தரேன். காப்பிய குடிச்சிட்டே வேலையப் பாருங்க.

ஃபோன்ல பாக்கலாமா? உங்க வயசுக்காரங்க எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. அதுல எப்ப வேணாலும் பாக்கலாம்ல, அதான் எனக்குப் புடிக்கல. செய்தின்னா எட்டு மணிக்கு. டாங்குனு அந்த மணி அடிக்கணும், அப்புறம் ஒருத்தர் வந்து வணக்கம் சொல்லணும்.

ஆரம்பத்துலருந்து பாக்கறேன் நான். அம்பத்திரெண்டுல, கிறிஸ்மஸுக்கு மறுநாள், இதே ஹாம்பர்க்லருந்துதான் ஆரம்பிச்சாங்க. எனக்கு எட்டு வயசு. வீட்ல ஏது டிவி? ரேடியோ கடை ஜன்னல் முன்னாடி, அப்பா கோட்டுக்குள்ள பூந்து நின்னு பாப்பேன். வாரத்துக்கு மூணு நாள்தான் அப்ப. சினிமாக் கொட்டகையில ஓட்டுற செய்திப் படத்துல மிச்சம் மீதிய ஒட்டிக் காட்டுவாங்க. தினம் வந்ததெல்லாம் அப்புறம்தான். கலர் வந்தது எழுபதுல. அதுக்கு ஆறு வருஷம் கழிச்சு ஒரு பொம்பள வந்து வாசிச்சாங்க. எங்க வீட்டுக்காரர் யோஹென், பொம்பள சொன்னா யுத்தம்கூட வம்பு பேசற மாதிரி இருக்குமேன்னாரு. அன்னிக்கு ராத்திரி அவரே ரொட்டி வெட்டி, அவரே வெண்ணெய் தடவித் தின்னாரு. பெர்லின் சுவர் தெறந்தப்போ மட்டும் அழுதாரு மனுஷன்.

என்ன சிரிக்கிறீங்க? உங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்லயா? எட்டுலருந்து எட்டே கால் வரைக்கும் இந்த ஊர்ல யாரும் யாருக்கும் ஃபோன் பண்ண மாட்டாங்க தம்பி. பண்ணா, வளத்தவங்களத்தான் திட்டுவாங்க. ஒரு தடவ எட்டு அஞ்சுக்கு அடிச்சுது. நான் எடுக்கறதுக்குள்ள யோஹென் எந்திரிச்சு ஷூ மாட்ட ஆரம்பிச்சிட்டாரு. அவங்கம்மா போயிட்டாங்கன்னு அவருக்கு அந்தச் சத்தத்துலயே தெரிஞ்சிடுச்சு.

எம்மவன் ஊவே மியூனிக்ல இருக்கான். அவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. வானிலை சொல்லி முடிச்ச அடுத்த நிமிஷம் கூப்பிடுவான்.

கூப்பிடுவான்னா... கூப்பிட்டுட்டிருந்தான். யோஹென் செத்துப்போன வருஷம் வரைக்கும். அது ஆச்சு நாலு வருஷம். அவன் பொண்டாட்டியப் பத்தி நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன். என்ன வார்த்தயா? ஞாபகம் இருக்கு, சொல்ல இஷ்டமில்ல. நானும் கூப்பிட்டுப் பாத்தேன், எடுக்கல. அப்புறம் விட்டுட்டேன்.

அதோ, அந்த அலமாரி மேல இருக்கே, அதான் எங்க ஃபோன். நல்லாத்தான் இருக்கு, ரிப்பேர்லாம் ஒண்ணுமில்ல. அப்பப்ப எடுத்து காதுல வச்சுப் பாப்பேன், கொய்ங்னு சத்தம் வரும். காலைல அடிக்காது, மத்தியானம் அடிக்காது. எட்டு மணிக்கும் அடிக்காது. ஆனா எட்டு மணிக்கு யார் வீட்லயும் அடிக்காதுல்ல? அந்தக் கால் மணி நேரம் நானும் எல்லாரையும் மாதிரிதான்.

நேத்து டிவி இல்லாம உக்காந்திருந்தேன் தம்பி. எட்டு மணி எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னே தெரியல. நாள் பூரா என் வீட்ல மட்டும்தான் ஃபோன் அடிக்கல.