கருக்கம்பள்ளத்துக்கு வந்த மினிபஸ்

...அதத்தாங் கண்ணு நானுங் கேக்கறேன். குன்னத்தூரு அந்தா, தோப்புக்கு அக்கட்டால ஆறு கிலோமீட்டரு. எம்பட மவ பிரியங்காளுக்கு அங்க முந்தாநேத்து ரெண்டாவது கொழந்த பொறந்திருக்குது. போய்ப் பாக்கோணும்னா நாம காத்துட்டு நிக்கற இந்த மினிபஸ்ல எதுத்த பக்கம் பெருமாநல்லூரு போயி, அங்கிருந்து வேற பஸ் புடிச்சு, சுத்தீட்டுப் போகோணும்.

நம்மூரு எதுலயுஞ் சேத்தியில்ல கண்ணு. நாப்பது ஊடு. குன்னத்தூர்ல கேட்டா நீங்க பெருமாநல்லூருப் பக்கம்பாங்க. அங்க போனா குன்னத்தூர்ல போய்க் கேளுங்கம்பாங்க. நீ குடிவந்து ஒரு வாரந்தான ஆச்சு ரோஸ்மேரி. சிலிண்டருக்குச் சொல்லிப் பாரு, அப்பத் தெரியும்.

என்ன... பஸ் ஏன் அந்தப் பக்கம் போறதில்லையா? அது... அஞ்சு வருசமுன்ன ஆபீசருங்க வந்தாங்க. கோயலு முன்னால எல்லாத்தையும் உக்கார வெச்சு, ஒரே ஒரு பஸ்ஸு, எந்தப் பக்கம் வேணுமோ கை தூக்குங்கன்னாங்க. பக்கத்தூட்டுப் பழனாயி மொதல்ல எந்திரிச்சுக் குன்னத்தூருன்னா. அவங்கம்மா அங்க படுக்கையாக் கெடந்தாங்க. கம்பெனிக்குப் போறவங்கெல்லாம் பெருமாநல்லூருன்னாங்க. எண்ணிப் பாத்தா ரெண்டு பக்கமும் சமம். நான் ஒருத்திதான் பாக்கி. எனக்கும் பழனாயிக்கும் அப்ப ஆகாது. அவ ஆடு எம்பட முருங்கைய மொட்டையாக்கி... சரி, அது போகட்டும். தூக்கிப்போட்டேன் கைய. பெருமாநல்லூருக்கு.

சிரிக்காத கண்ணு. அடுத்த வைகாசில பிரியங்காளுக்குக் குன்னத்தூர்ல மாப்பிள்ள அமையும்னு எனக்கு என்ன தெரியும்?

இன்னைக்குக் காலைல அதே பழனாயி வாசல்ல வந்து நிக்கறா. ஸ்கூட்டி வெச்சிருக்கறா இப்ப. குன்னத்தூருதான் போறேன், பேத்தியப் பாக்க வர்றியான்னு கேட்டா. நான் பஸ்லயே போயிக்கறேன்னு சொல்லிப்போட்டேன். அவங்கம்மா செத்த அன்னைக்கு அவ நடந்தே போனா கண்ணு, ஆறு கிலோமீட்டரும். அவ பின்னால எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் உக்கார்றது?

அந்தா... அவதான் வர்றா. இன்னுமா போகாம இருந்தா? நீ அந்தப் பக்கம் பாத்துக்கோ, நாம பாக்காத மாதிரியே...

நிறுத்தீட்டா. எறங்கறா பாரு. முந்தானையில பின்சீட்டத் தொடைக்கறா.

"ஏறு வள்ளியாத்தா, வெயில் வந்துரும்"கறா.

...அந்தக் கூடைய எடுத்துக் குடு கண்ணு. பஸ் வந்தா நீ போயிரு. கண்டக்டரு என்னைய எங்கன்னு கேட்டா, எனக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லீரு.