பச்சை மலைக்குப் போன பஸ்

"ஹலோ... ஹலோ அண்ணே, வெச்சிடாதீங்க... ஆமா, நான்தான்... ஆமாமா, மலைக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சவன்தான் பேசறேன். சிரிச்சாச்சா?... இன்னும் இல்லையா? சரி, சிரிச்சு முடிங்க. நான் நிக்கிறேன்."

பியோ கிசோல் போனைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, முறத்தில் இருந்த நெத்திலியைக் கோபமாகப் புடைத்தான். ஜொன்ஜு நகரச் சந்தையின் மேற்கு வாசலில் இருக்கும் கருவாட்டுக் கடை அவனுடையது. கொஞ்ச நாளாக அந்தச் சந்தையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் யாரும் இல்லை. "பச்சைச் செயலாளரே" என்று யாராவது கத்தினால் அவனே திரும்பிப் பார்க்கிறான். அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

பெயர் வந்த கதை சின்னதுதான். சந்தை வியாபாரிகளின் மலையேறும் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். இலையுதிர் காலத்தில் எந்த மலையில் இலை எப்போது சிவக்கும் என்று டிவியில் வரைபடம் போடுவார்கள் அல்லவா, அதில் ஒவ்வொரு மலைக்கும் இரண்டு தேதி இருக்கும். முதல் தேதியில் உச்சியில் மட்டும் லேசாக நிறம் தட்டும். இரண்டாம் தேதியில்தான் அடிவாரம் வரை தீப்பிடித்த மாதிரி நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கிசோலுக்கும் தெரியும். ஆனால் முதல் போணியிலேயே குறியாக இருந்து பழகிய கண், முதல் தேதியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது. பஸ் பேசி, கடற்பாசியில் சோறு சுருட்டிய கிம்பாப்பும் கொழுக்கட்டையும் கட்டிக்கொண்டு சங்கமே நேஜாங் மலையில் போய் இறங்கியது. மலை பச்சைப் பசேலென்று நின்றது. அன்றைக்கு அங்கே சிவப்பாக இருந்தவை சங்கத்தாரின் புதுச் சட்டைகளும் செயலாளரின் முகமும்தான்.

"முடிச்சீங்களா?... சரி. இப்ப நான் கோவமாப் பேசப் போறேன், கேட்டுக்குங்க... என்ன கோவமா? என்ன கோவம்னு தெரியாதா உங்களுக்கு? நான் செஞ்சது தப்பு. ஒத்துக்கறேன். சந்தையில உயிரோட இருக்கிற நண்டு நத்தை எல்லாம் என்னைக் காறித் துப்பியாச்சு, தொடச்சுக்கிட்டேன். ஆனா நீங்க செஞ்சது என்ன?... ஒண்ணும் செய்யலையா? அதத்தானே அண்ணே கேக்கறேன்! ஒண்ணும் செய்யல! பஸ்ஸ விட்டே இறங்கல!... பச்சையா இருந்தா என்ன, மலை மலைதானே? கோயில் வரைக்குமாவது நடந்திருக்கலாம்ல? எல்லாரும் இறங்கி நடக்கறாங்க, நீங்க மட்டும் டிரைவரோட... என்னது? துணைக்கா? அவனுக்கு எதுக்குத் துணை? பாவம், காலை நீட்டித் தூங்கலாம்னு பாத்த பையன்கிட்ட இருந்து தொடப்பத்தைப் பிடுங்கி, நீங்க பஸ்ஸைப் பெருக்கியிருக்கீங்க!... குப்பையா இருந்துச்சா? இருக்கட்டுமே! அது உங்க பஸ்ஸா?"

அண்ணன் மான்சு வாடகை பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். முப்பது இலையுதிர் காலம் ஊராரை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டிருக்கிறார். ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை. டிரைவர் வண்டியோடுதான் இருக்க வேண்டும். மாலையில் எல்லாரும் தொப்பியில் இலை செருகிக்கொண்டு, பாடிக்கொண்டு திரும்பி வருவார்கள். அவர்களை வீடு சேர்த்த பிறகு பஸ் தரையைப் பெருக்குவார். ஷூ அடியில் மிதிபட்ட சிவப்பு இலைகள் முறம் முறமாக வரும். அவர் பார்த்த இலையுதிர் காலம் அவ்வளவுதான். இந்த வசந்தத்தில் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர், கடைத்தெருவுக்குக்கூட வருவதில்லை என்று அண்ணி சொல்லியிருந்தாள். இந்த வருடமாவது அண்ணனை மலையேற்றிவிட வேண்டும் என்ற துடிப்பில்தான் கிசோல் தேதியில் அவசரப்பட்டான். அதைச் சங்கத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டு பாதியாகக் குறைந்திருக்கும்.

"...சரி, போனது போகட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை உச்சம். அடிவாரம் வரைக்கும் செவந்துடும். நான் பாத்தேன், என் பொண்டாட்டி பாத்தா, சங்கத் தலைவர் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தாரு, பக்கத்துக் கொழுக்கட்டைக் கடைக்காரம்மா என்னை நம்பாம டிவி கிட்டயே போயி விரலை வெச்சுப் பாத்தாங்க. மறுபடியும் பஸ் போகுது. வரீங்களா?... நல்லதா? எது நல்லது?... பாக்கலாமா? எதைப் பாக்கலாம்? இலையையா, நாளையையா?... அண்ணே, வரீங்களான்னு கேட்டா வரேன், வரலைன்னு ரெண்டு பதில்தான் இருக்கு. 'நல்லது' எங்க இருந்து வந்துச்சு?"

அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் இருங்க... அக்கா, அதை அமுக்கிப் பாக்காதீங்க, அது கருவாடு, தக்காளி இல்ல... ஆமாங்க, புதுச் சரக்குதான்... பச்சையா இருக்கா? எது?... ஓ, நீங்களும் கேள்விப்பட்டாச்சா! ரொம்பச் சந்தோஷம். போயிட்டு வாங்க... ஹலோ! பாத்தீங்களா அண்ணே? யாருன்னே தெரியாத அம்மா, கருவாடு வாங்கல, கேலி பண்ணிட்டுப் போகுது. எல்லாம் யாரால?... ஆமா, என்னாலதான். இருந்தாலும்!"

முறத்தைக் கீழே வைத்தான். அது கொஞ்சம் பலமாக விழுந்து, நாலைந்து நெத்திலி நடைபாதைக்குப் பறந்தது.

"...முட்டியா? முட்டிக்கு என்ன? நடக்கணும்னு டாக்டர் சொன்னதா நீங்கதானே சொன்னீங்க. நடங்க, ஆனா அழகா எதையும் பாத்துடாதீங்கன்னா சொன்னாரு?... கிம்ச்சியா? அண்ணே, அண்ணி குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகா போடறது மாசக் கடைசியில. அதுவும் நீங்க என்னைக்கு உக்காந்து கோஸுக்கு மசாலா தடவினீங்க? ருசி பாக்கறேன் ருசி பாக்கறேன்னு பாதியைத் தின்னுட்டு எந்திரிச்சுப் போற ஆளு... சரி, அது கிடக்கட்டும். உங்க கால் அளவு என்ன?... கால் அண்ணே, கால். எத்தனை மில்லிமீட்டர்?... எதுக்கா? ஷூ வாங்க! அந்தக் கறுப்பு டிரைவர் ஷூவோட மலையேற முடியுமா? எங்க ஆளுங்களைப் பாத்தீங்கல்ல, கோயில் வரைக்கும் போறதுக்கே இமயமலை ஏறப் போற மாதிரி குச்சி, பை, கையுறை! நீங்க மட்டும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி... என்னது? ஷூ வாங்கிக் கொடுத்தா வாங்கிக்கறவங்க விட்டுட்டு ஓடிடுவாங்களா? அட, அது காதலிக்கிறவங்களுக்கு அண்ணே! உங்களுக்கும் எனக்கும் என்ன காதலா?... ஓடறதுன்னா ஓடுங்க! அந்த முட்டியை வெச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் ஓடுவீங்கன்னு நானும் பாக்கறேன்!... சிரிக்காதீங்க. அளவைச் சொல்லுங்க... வீண் செலவா?... ஐயோ கடவுளே! அண்ணிகிட்ட போனைக் குடுங்க. குடுங்கன்னா."

தொண்டையைச் செருமிக்கொண்டான். அண்ணியிடம் பேசும் குரல் வேறு. அவள் கை உப்பைத் தின்று வளர்ந்த கொழுந்தன் அவன்.

"அண்ணி! வணக்கம் அண்ணி. சாப்டீங்களா?... ஆமா, கத்தினேன்... அடுத்த வீடு வரைக்கும் கேட்டுதா? தப்புதான், தப்புதான்... நான் குடுத்தனுப்பின கானாங்கெளுத்தி நல்லா இருந்துச்சா?... சந்தோஷம். அண்ணி, இவரு ஏன் வரமாட்டேங்கறாரு?... உங்ககிட்டயும் சொல்லலையா... ம்... ம்... தினமுமா?... ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டா?... போற வாடகை பஸ் ஒவ்வொண்ணையும் பாத்து... ம்... 'இந்த வண்டி லேட்டு, ஆள் யாரோ வரல'ன்னு... யார்கிட்ட சொல்றாரு?... ஓ. யார்கிட்டயும் இல்ல. ஜன்னல்கிட்ட."

 எதிர்க்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கிசோலுக்கு அழுகை வருமோ என்று சந்தேகம் தட்டியது. அதற்குப் பதில் கோபத்தையே திரும்ப இழுத்துப் போர்த்திக்கொண்டான். அது கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது.

"அவர்கிட்டயே குடுங்க அண்ணி... இல்ல, கத்தமாட்டேன். சத்தியமா... அண்ணே! என்னதான் அண்ணே நெனச்சுக்கிட்டிருக்கீங்க!... ஆமா, கத்தறேன்! முப்பது வருஷமா மைக்கைப் புடிச்சுக்கிட்டு, 'மேல போயிப் பாருங்க, கண்ணு ரெண்டும் பத்தாது'ன்னு ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் சொன்னீங்களே, யாரு பாத்துட்டு வந்து சொன்னது?... மத்தவங்க சொன்னதைச் சொன்னீங்க! அது போதுமா? இப்ப நீங்க டிரைவர் இல்ல. வண்டியைப் பாத்துக்க வேண்டியதில்ல. யாரும் உங்களை வேலையை விட்டுத் தூக்க முடியாது. இருந்தும் இறங்க மாட்டேங்கறீங்க. போகும்போது பாத்தேனே! நடு பஸ்ல ஆடின எங்க தலைவரையே புடிச்சு உக்கார வெச்சு பெல்ட்டு மாட்டி விட்டீங்க. அவரு என்னைப் பாத்து, 'உங்கண்ணன் சுத்திப் பாக்க வந்தாரா, டூட்டிக்கு வந்தாரா'ங்கறாரு... இல்ல, 'விடுடா' இல்ல. விடமாட்டேன். எம்மேல கோவமா? தேதியை மாத்திப் போட்டேன்னு கோவமா?... இல்லையா? அப்புறம் என்ன? நல்லது, பாக்கலாம், உன் இஷ்டம்... இதெல்லாம் எனக்கு வேணாம். ஒரே ஒரு நேர் பதில். அன்னைக்கு ஏன் இறங்கல?"

    மறுமுனையில் அண்ணன் பேசத் தொடங்கினார். அவர் பேசப் பேச கிசோலின் கை, கொட்டிய நெத்திலியைப் பொறுக்குவதை விட்டுவிட்டு அப்படியே நின்றது.

"...ம்... கடைசி ஆளா? எந்தக் கடைசி ஆள்?... ம்... இறங்கி வர்றதுல கடைசி... ஆமா. பஸ் ரொம்பிடும், ஒரு ஆள் மட்டும் வந்திருக்காது... ஆமா. வருஷா வருஷம் ஒருத்தர்... திட்டுவாங்கதான். நானே திட்டியிருக்கேன். 'எந்தக் கிழடு அது, நடக்க முடியலைன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதானே'ன்னு... நீங்களும் ஹார்ன் அடிப்பீங்களா?... ம்... ம்... அந்த ஆள் வேர்த்து வழிஞ்சு ஏறி, சீட்டு சீட்டாத் தலை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுக்கிட்டே பின்னால போறதைக் கண்ணாடியில பாத்துக்கிட்டே... ம்... இப்ப உங்க முட்டிக்கு... அந்த ஆள் நீங்களாத்தான் இருப்பீங்கன்னு."

வெளியே யாரோ "பச்சைச் செயலாளரே!" என்று கத்தினார்கள். கிசோல் திரும்பவில்லை.

"இதைச் சொல்றதுக்கு என்ன அண்ணே? நான் பாட்டுக்குக் கானாங்கெளுத்தி என்ன, ஷூ என்னன்னு பைத்தியக்காரன் மாதிரி... இல்ல, கோவமாத்தான் இருக்கேன். இன்னும் கோவம்தான்... கேளுங்க. பஸ் வேணாம். சங்கம் பஸ்ல போகட்டும், செயலாளர் இல்லாமப் போனா தேதியாவது சரியா இருக்கும். நீங்களும் நானும் என் சரக்கு வண்டியில போறோம்... நாறும். கருவாட்டு வண்டி நாறாம என்ன பண்ணும்? ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கலாம்... இருட்டினா இருட்டட்டும். ஹார்ன் அடிக்க ஆள் கிடையாது. எவ்வளவு மெதுவா வேணும்னாலும் இறங்குங்க, உக்காந்து உக்காந்து இறங்குங்க. நான் உங்களுக்குப் பின்னால வரேன்... அட, பின்னாலதான். நான்தான் அண்ணே கடைசி ஆள். யாராவது திட்டினா எனக்கு. எனக்குத்தான் பழகிப் போச்சே... இல்ல, ஆட மாட்டேன். பெல்ட்டு போட்டுக்கறேன்... சரி, நீங்க சொல்ற வேகத்துல ஓட்டறேன். ஆனா பக்கத்துல உக்காந்து பிரேக்கை மிதிக்கிற மாதிரி காலை அழுத்தக் கூடாது, சொல்லிட்டேன்... அப்ப வரீங்களா? இன்னொரு தடவை 'பாக்கலாம்'னு சொன்னீங்கன்னா நேர்ல வந்து தூக்கிக்கிட்டுப் போயிடுவேன், ஆமா!... ஹலோ?... இருக்கீங்களா?... என்ன? எத்தனை?... இருநூத்தி அறுபத்தஞ்சு மில்லிமீட்டரா?"

அவ்வளவுதான், அண்ணன் போனை வைத்துவிட்டார்.