மூன்றாவது அடுப்புக்கல்

நெருப்பைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். இந்தக் கதைக்கு இவ்வளவு வெளிச்சம் ஆகாது.

மாலை ஆறு மணி. தை மாதக் குளிர். ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் போகிற சாலை... ஒரு லாரிகூட இல்லை. என் நண்பன் கிஷ்ணாராமின் மச்சான் மங்கிலால், ஆறு வயது மகள் சுகனியோடு கல்யாண வீட்டிலிருந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தான். கல்மரம் பார்த்தே ஆகவேண்டும் என்று பிள்ளை ஒரே அடம். சாலையோரத்து ஆகல் கல்மரப் பூங்காவில் வண்டியை நிறுத்தினான்.

கல்லாகிப் போன அடிமரங்கள். ஒவ்வொன்றின் மேலும் தகரக் கூரை, சுற்றிலும் கம்பி வலை.

"மரத்துக்கு எதுக்குப்பா கூண்டு? ஓடிப் போயிருமா?"

"ஆமா, உன்ன மாதிரி வாலு மரம்!"

குளிரில் பல் கிட்டியது. மங்கிலாலுக்கு டீ உள்ளே போகாமல் வண்டி ஓடாது. பாலும் தூக்குவாளியும் எப்போதும் பையில் இருக்கும். வாசலுக்கு வெளியே சுள்ளி பொறுக்கினான். காய்ந்த சுள்ளிதான். பிஷ்னோய் குலத்து ஆட்கள் நாங்கள், உயிரே போனாலும் பச்சை மரத்தை எரிக்க மாட்டோம். அடுப்புக்கு இரண்டு கல் கிடைத்தது.

"இன்னொரு கல்லு எடுத்துட்டு வாடா கண்ணு."

சுகனி கூண்டுப் பக்கம் ஓடினாள். வலது கையில் ஒரு கல்லோடு வந்தாள்.

தீ பிடித்தது. கொஞ்ச நேரம்தான்... ஸ்ஸ்ஸ்... மூன்றாவது கல்லின் ஓரத்தில் நுரை கட்டியது. பச்சை விறகை வைத்தால் நுனியில் நீர் வடியுமே, அப்படி. புகையிலும் பச்சை மர வாசனை.

"ஐயோ! பச்ச மரத்தையா எரிச்சுட்டேன்!"

மணலை வாரிக் கொட்டினான். தீ அணைந்தது. சத்தம் நிற்கவில்லை... கூண்டுகளுக்குள்ளிருந்து வந்தது. கிர்ர்ர்... கம்பி வலை வெளிப்பக்கமாகப் புடைத்தது. பிள்ளையைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. அந்த வலது கை மட்டும்... அத்தனை கனம். எப்படி வீடு சேர்ந்தான் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது.

இப்போது சுகனிக்கு ஒன்பது வயது. அந்தக் கையால்தான் எழுதுகிறாள், சாப்பிடுகிறாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். ஆனால் அந்தக் கை எப்போதும் சில்லிட்டே கிடக்கும். போன குளிரில் தாய்க்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையை அடுப்பு முன்னால் உட்கார வைத்து, அந்தக் கையை அனலில் காட்டினாள்.

ஸ்ஸ்ஸ்...

விரல் நுனிகளில் நுரை கட்டியது. பிள்ளை அழவில்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"பச்ச மரத்த எரிக்கக் கூடாதும்மா..."