பச்சை பட்டனும் துடைப்பக் குச்சியும்

மின்விசிறி நின்றுவிட்டதே என்று சங்கடப்படாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இந்த ஒக்போமோஷோ ஊரில் பிறந்தவனுக்கு வேர்வை என்ன புதிதா. உங்கள் ஸ்டேஷனுக்கும் என் பேக்கரிக்கும் ஒரே லைன்தான். இங்கே கரண்டு போனால் அங்கேயும் போயிருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பேசுவோம்.

நான் வந்தது கன்மிக்காக. என் எலெக்ட்ரீஷியன். அவனை நீங்கள் லாக்கப்பில் வைத்திருப்பது எனக்குப் பெரிய தொந்தரவாக இருக்கிறது. அடுப்பறை ஒயரிங் புகைகிறது, அவனை விட்டால் அதைத் தொட வேறு ஆள் இல்லை.

மாவு பிசையும் மெஷினுக்கு ரிலே என்கிற காவல் சுவிட்சைப் பெட்டியோடு மாட்டியவன் அவன்தான். மாட்டும்போதே சொன்னான்: "கரண்டு போனா மெஷின் நிக்கும், ஓகா. திரும்ப வந்தா தானா ஓடக் கூடாது. எவனாவது உள்ள கைய விட்டிருப்பான். ஆள் வந்து பாத்துட்டுப் பச்சை பட்டனை அமுக்கினாத்தான் இது விடும்."

"அப்போ உன் ரிலேவுக்கு நான் எடுபிடியா?" என்றேன்.

"கை போனா முளைக்காது, ஓகா."

ஓகா என்று முதலாளி மரியாதை கொடுத்தாலும் வாய்த்துடுக்கு. ஆனால் வேலை சுத்தம், அதனால் பொறுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கரண்டு வந்ததும் தெருவே கூத்தாடும். எதிரே வெல்டிங் கடை ஓடும், பக்கத்தில் மாவு மில் ஓடும். என் மெஷின் மட்டும் பெரிய விருந்தாளி போலக் கோலாக்கொட்டை வைத்து அழைத்தால்தான் எழுந்திருக்கும். கரண்டு இளைத்து வந்தால் மோட்டார் கருகிவிடுமாம். அப்போது பட்டனை அமுக்கினாலும் முறுக்கிக்கொள்ளும். அதற்குள் மாவு புளித்துப் போகும். என் பேக்கரியில் என் பேச்சைக் கேட்காத ஒரே ஜீவன் அது. எனக்கு ஆத்திரம் வந்தது, மறைக்க மாட்டேன்.

ஒரு நாள் பெட்டியைத் திறந்து, ரிலேயின் நாக்கை உள்ளே அழுத்தி, துடைப்பக் குச்சி இரண்டைச் செருகினேன். அதன்பிறகு தங்கமான மெஷின். கரண்டு வந்ததும் தானே ஓடும். ஊர்ப் பிள்ளைகள் சூடான ரொட்டியோடு பள்ளிக்கூடம் போனார்கள்.

மாவு பிசைபவன் லசிசி. கரண்டு போனால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவான், எனக்கு அது ஆகாது. "சும்மாதானே குந்தியிருக்க, உள்ள ஒட்டினதைச் சுரண்டு," என்றேன்.

"கன்மி போட்ட பெட்டி இருக்குல்ல, ஓகா?"

"இருக்கு, இருக்கு."

பெட்டி இருக்கத்தான் செய்தது. நான் பொய் சொல்பவன் இல்லை.

அவன் தோள்வரை கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தான். கரண்டு வந்தது. "லைட் வந்துருச்சு!" என்று தெரு முழுக்கக் கூச்சல். லசிசியும் கத்தினான். எல்லோரையும் போல அவனும் சந்தோஷத்தில் கத்துகிறான் என்று நினைத்து, நானும் வாசலில் நின்று கைதட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான்.

நீங்கள் வருவதற்குள் குச்சிகளை உருவிவிட்டு, ரிலே மோசம் என்று கன்மியைக் கைகாட்டியவனும் நான்தான். அப்போது அடுப்பறை ஒயரிங் நன்றாக இருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். குச்சி வைத்தது நான். கையை உள்ளே விடச் சொன்னதும் நான். ரிலே அதன் வேலையைச் செய்ய நான்தான் விடவில்லை. கன்மியை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மனசு வலிக்கும். லசிசியின் வேலையை அவன் மனைவி சிடிகாத்துக்கே கொடுத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள். புருஷனைவிடச் சுறுசுறுப்பானவள், கரண்டு போனால் நான் சொல்லாமலே சுரண்ட ஆரம்பித்துவிடுவாள்.

குச்சியா? காலையில் திரும்ப வைத்துவிட்டுத்தான் வந்தேன். நான் இங்கே உட்கார்ந்திருக்கும்போது அங்கே பட்டனை யார் அமுக்குவது?

அதோ, தெருவில் கத்துகிறார்கள். உங்கள் மின்விசிறியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நல்ல நேரத்தில் கைதட்டாமல், எங்கே ஐயா எழுந்து ஓடுகிறீர்கள்?