மச்சான் கையில் கயிறு

சடையன்: தீப்பெட்டி எங்கடா?

ராஜாக்கண்ணு: எங்கிட்ட ஏது மாமா? நீ கொண்டாந்திருப்பன்னு...

சடையன்: நான் எதுக்குக் கொண்டார்றேன்? பீடிய வுட்டதுலேர்ந்து தீப்பெட்டியக் கையால தொடல.

ராஜாக்கண்ணு: நானுந்தான் தொடல! முன்னல்லாம் என் சொக்காவ ஒதறுனா தீப்பெட்டியா உழும்.

சடையன்: நல்லா கீது போ! தேன் எடுக்க இம்மாம் பெரிய பாற மேல ஏறி வந்துட்டு, பொக போட நெருப்பு இல்லாம நிக்கிறோம். ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாங்க.

ராஜாக்கண்ணு: இரு இரு... அக்கா குடுத்த சோத்துப் பையில இன்னாமோ கடகடங்குது... தோ! தீப்பெட்டி மாமா!

சடையன்: பாத்தியா உங்கக்கா வேலைய? ரெண்டு பேருகிட்டயும் இருக்காதுன்னு தெரிஞ்சிருக்குது.

ராஜாக்கண்ணு: ஒரு காலத்துல உனுக்குத் தெரியாம தீப்பெட்டிய அரிசிப் பானையில ஒளிச்சி வெச்ச பொம்பள. இப்ப அதுவே போட்டு அனுப்புது!

சடையன்: சரி, பல்லக் காட்டாத. மரத்துல முடிச்சி கெட்டியா கீதா?

ராஜாக்கண்ணு: இஸ்துப் பாத்துட்டேன். ஆனயக் கட்டலாம்.

சடையன்: அப்ப புடி கயித்த. நான் எறங்குறேன்.

ராஜாக்கண்ணு: மாமா...

சடையன்: இன்னா?

ராஜாக்கண்ணு: ஒண்ணுமில்ல... சின்னராஜ் நேத்து வந்து கேட்டான். இந்த வாட்டி கயித்த நான் புடிக்கிறேன்னு. நல்ல ஒடம்புக்காரன்...

சடையன்: அவன் எனுக்கு இன்னா ஒறவு? பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான் மேல நிக்கணும். அவனுக்குத்தான் அக்கா தாலி மேல பயம் இருக்கும்.

ராஜாக்கண்ணு: போன வருசமும் நான்தான நின்னேன்...

சடையன்: போன வருசம் என் காலு பாசியில வழுக்கிச்சி. கயிறு சர்ருன்னு போயி முடிச்சில நின்னுது. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?

ராஜாக்கண்ணு: பந்தம் கட்டுறேன் மாமா. தழ ஈரமா கீது.

சடையன்: ஈரமா இருந்தாதான் நல்லா பொகையும். கட்டு... வரட்டுமா?

ராஜாக்கண்ணு: பாத்து... பாத்து எறங்கு.

சடையன்: வுடு... வுடு... மெதுவா... இன்னுங் கொஞ்சம்... போதும்! நிறுத்து!

ராஜாக்கண்ணு: தேனட தெரியுதா?

சடையன்: மொறம் கணக்கா கீது மச்சான்! பந்தத்த எறக்கு!

ராஜாக்கண்ணு: எறங்குது... பொக வருதா?

சடையன்: வருது... ஈ கெளம்புது... அப்பிடியே மேகம் மாதிரி... ஹம்... ஹம்...

ராஜாக்கண்ணு: மாமா! இருமறியா?

சடையன்: தழப் பொகடா! கண்ணுல தண்ணி கொட்டுது.

ராஜாக்கண்ணு: பீடி ஞாபகம் வருதா?

சடையன்: ஆகாசத்துல தொங்கிக்கினு கீறேன்... கேக்குறான் பாரு கேள்வி!

ராஜாக்கண்ணு: சொல்லு மாமா... வருதா?

சடையன்: ...வருது. பொக மூக்குல ஏறுனதும் கொஞ்சம் வருது. பேசுடா... எதுனா பேசிக்கினே இரு.

ராஜாக்கண்ணு: இன்னா பேச? ஆங்... ஜமுனாமரத்தூர் டீக்கடை பெஞ்சில நமக்கு இன்னா பேரு வெச்சிருக்கானுங்க தெரியுமா? நெல்லிக்கா கம்பெனி!

சடையன்: யாரு வெச்சது?

ராஜாக்கண்ணு: எல்லாந்தான். அவனுங்க ஊதுறப்ப நாம நெல்லிக்காய மென்னுக்கினு குந்தியிருந்தோமில்ல.

சடையன்: மென்னு மென்னு பல்லே கூசிப் போச்சி... இரு, கத்திய எடுக்குறேன்... நீ பேசு.

ராஜாக்கண்ணு: சாமக் கதிரு அறுப்பப்ப நான் போன் போட்டது ஞாபகம் கீதா? கொல்லையில டவரு இல்லன்னு குண்டுக்கல்லு மேல ஏறி நின்னு போட்டேன்.

சடையன்: ஏன் மறக்குறேன்? 'மாமா, சோறு தின்னுட்டேன், கை சும்மா இருக்க மாட்டேங்குது'ன்னு அழுவாத கொறயா சொன்ன.

ராஜாக்கண்ணு: நீ இன்னா சொன்ன? 'அங்கியே நில்லு, நான் வர்றேன்'னு போன வெச்சிட்ட. வேகாத வெயில்ல மலயச் சுத்திக்கினு வந்து சேந்த. நான் அது வரிக்கும் கல்லு மேலயே நின்னேன்.

சடையன்: எறங்கி நெழல்ல குந்துறதுக்கு இன்னா?

ராஜாக்கண்ணு: எறங்குனா கடைக்கிப் போயிடுவேன்னு பயம்.

சடையன்: ஹஹ்ஹா... சிரிக்க வெக்காதடா, கயிறு ஆடுது!

ராஜாக்கண்ணு: நீ மட்டும் இன்னா? அந்த மழயில என் வூட்டு வாசல்ல வந்து நின்னியே. கையில பீடிக் கட்டு.

சடையன்: பிரிக்காத கட்டுடா அது!

ராஜாக்கண்ணு: 'வாங்கிட்டேன்டா, புடுங்கிக்கோ'ன்னு நீட்டுன.

சடையன்: வாங்குனவன் சும்மா இருந்தியா? மோந்து பாத்த!

ராஜாக்கண்ணு: ...பாத்தேன்.

சடையன்: அப்பால?

ராஜாக்கண்ணு: ரெண்டு பேரும் எருக்குழில போட்டு மெதிச்சோம். என் பொண்டாட்டி வடிவு பாத்துட்டு, உனுக்கு சாமி வந்துடுச்சின்னு கற்பூரம் எடுக்க ஓடுனா!

சடையன்: வந்தது சாமிதான் போ... மச்சான், தகரத்த எறக்கு! தேனட கையில வந்துடுச்சி!

ராஜாக்கண்ணு: எறங்குது... புடிச்சியா?

சடையன்: புடிச்சேன்... பாதிய ஈக்கு வுட்டுட்டேன். ஏத்து! பாத்து... பொன்னு மாதிரி கீது!

ராஜாக்கண்ணு: ஏத்திட்டேன். யப்பா, இன்னா கனம்! மாமா, இப்ப நீ வா.

சடையன்: வர்றேன்... இஸ்துப் புடி.

ராஜாக்கண்ணு: நடுவுல நிக்கணும்னா சொல்லு. கயித்த இடுப்புல சுத்திக்கிறேன். போன வருசம் அந்த அத்தி வேருகிட்டதான் மூச்சு வாங்கிப் போயி தொங்குன.

சடையன்: ம்... புடி... புடி...

ராஜாக்கண்ணு: பேசாத. மூச்ச சேத்து வை.

சடையன்: ம்...

ராஜாக்கண்ணு: மாமா? அத்தி வேரு வந்துச்சா?

சடையன்: தாண்டிட்டேன்!

ராஜாக்கண்ணு: தாண்டிட்டியா? நெசமாவா?

சடையன்: இன்னும் எவ்ளோ மூச்சு கீது பாக்குறியா? ஓஓஓஓய்ய்ய்!

ராஜாக்கண்ணு: கூவாத! ஈ திரும்பி வரும்!

சடையன்: வரட்டும்! போளூரு வரிக்கும் கேக்கட்டும்! ஓஓஓஓய்ய்ய்!

ராஜாக்கண்ணு: கையக் குடு... குடு... ம்ம்... வந்துட்ட! வந்துட்ட மாமா!

சடையன்: எங்கியாச்சும் நின்னனா? சொல்லு.

ராஜாக்கண்ணு: நிக்கல! ஒரு எடத்துலயும் நிக்கல!

சடையன்: நீ? உனுக்கு மூச்சு வாங்குதா?

ராஜாக்கண்ணு: இல்ல மாமா. கயிறு என் கையவுட்டு ஒரு வெரக்கட நகரல.

சடையன்: அத தொங்குன எங்கிட்டயே சொல்றியா? குந்து. இந்தா, தேன நாக்குல வை.

ராஜாக்கண்ணு: நீ மொதல்ல.

சடையன்: ம்ம்ம்... இன்னாடா இது? பொறந்ததுலேர்ந்து தேன் திங்கிறேன், இந்த ருசி தெரியலயே!

ராஜாக்கண்ணு: நாக்கு பூரா பீடிக் காரல். எங்கேர்ந்து தெரியும்?

சடையன்: நீயும் தின்னு... இன்னாடா? கண்ணு ஏன் கலங்குது? ஈ கொட்டிடுச்சா?

ராஜாக்கண்ணு: இல்ல... மாமா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரு வருசமா தொண்டயிலயே நிக்கிது.

சடையன்: சொல்லு.

ராஜாக்கண்ணு: போன வருசம் உன் காலு வழுக்கல மாமா. வாயில பீடிய வெச்சிக்கினுதான் கயித்தப் புடிச்சிக்கினு இருந்தேன். திடீர்னு இருமல்... நெஞ்சப் பிச்சிக்கினு வந்துச்சி. ரெண்டு கையும் வுட்டுப் போச்சி. அந்த முடிச்சி மட்டும் இல்லன்னா... அக்கா மொகத்துல எப்பிடி முழிச்சிருப்பேன்?

சடையன்: ம்.

ராஜாக்கண்ணு: நீயே காலு வழுக்கிச்சின்னு ஊரெல்லாம் சொன்ன. நான் வாய மூடிக்கினேன். அப்பால நீ வந்து, 'பீடிய வுடப் போறேன், ஒண்டியா முடியாது, தொணக்கி நீயும் வுடு'ன்னு கேட்டியே... நான் சரின்னு சொன்னது உனுக்காவ இல்ல மாமா. என் பயத்துக்காவ.

சடையன்: தெரியும் மச்சான்.

ராஜாக்கண்ணு: இன்னா தெரியும்?

சடையன்: மொட்டப் பாறயில பாசி ஏதுடா? கீழ தொங்குறவனுக்கு மேல இருமறது கேக்காதா?

ராஜாக்கண்ணு: தெரிஞ்சேவா... அப்ப ஏன் அப்பிடி சொன்ன?

சடையன்: உன்னாலதான்னு சொல்லியிருந்தா நீ இந்தப் பாறப் பக்கமே வந்திருக்க மாட்ட. பீடிய வுடுடான்னு புத்தி சொன்னா, ரோசத்துல இன்னும் ரெண்டு கட்டு சேத்து ஊதுவ. அதான் எனுக்கு ஒத்தாச பண்ணுன்னு கேட்டேன். ஒண்டியா முடியாதுன்னு சொன்னது மட்டும் பொய் இல்ல மச்சான். நீ இல்லன்னா அந்த மழயிலயே கட்டப் பிரிச்சிருப்பேன்.

ராஜாக்கண்ணு: எல்லாம் தெரிஞ்சிக்கினு இன்னிக்கி என் கைய நம்பி எறங்குனியா? உனுக்கு இன்னா பைத்தியமா மாமா?

சடையன்: சும்மா எறங்கிடுவனா? போன மாசம் பூரா விடியக்கால உன் வூட்டுப் பின்னாடி வந்து நின்னு கேட்டேன். எழுந்திரிக்கிற... மொகம் கழுவுற... மாட்ட அவுக்குற... வடிவுகிட்ட வாங்கிக் கட்டிக்கிற. ஒரு நாளு கூட இருமல் சத்தம் இல்ல. அப்பாலதான் உங்கக்காகிட்ட பரண் மேல கீற கயித்த எடுக்கச் சொன்னேன்.